கோடித் தட்டில் ஒரு ஜோடி ஷூ

செப்டம்பர் 1, திங்கள்

நேற்று கருமாதி முடிந்தது.

இந்த டைரி அவருடையது. உரக் கம்பெனி டிப்போவில் மேனேஜராக இருந்ததால் வருஷம் தவறாமல் ஒன்று வரும். ஜனவரியில் இரண்டு பக்கம் எழுதிவிட்டு நிறுத்திவிடுவார். மீதி எல்லாம் வெள்ளை, ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் யூரியாவின் பெருமை. வீணாக்குவானேன் என்று எடுத்துக்கொண்டேன். துக்கத்தில் எழுதுகிறேன் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். நான் இருபத்தைந்து வருஷம் தொலைபேசி இலாகாவில் புகார்ப் பிரிவில் இருந்தவள். எதையும் பதிவு செய்து வைப்பது பழக்கமாகிவிட்டது, அவ்வளவுதான்.

நேற்று நடந்ததையும் பதிவு செய்துவிடுகிறேன். என்னை நடுக்கூடத்தில் உட்கார வைத்து, "பிறந்த வீட்டுக் கோடி போடுறவங்க வாங்க" என்று கூப்பிட்டார்கள். கரூரிலிருந்து வந்திருந்த என் தம்பி கனகசபை தட்டோடு வந்தான். அவன் இரண்டு வருஷமாக ஓடுகிறான். யாரும் துரத்தவில்லை, மாரத்தான். மெடலைப் போட்டோ எடுத்துக் காலையிலேயே எல்லோருக்கும் அனுப்புவான். தட்டில் ஒரு அட்டைப் பெட்டி இருந்தது. பெரிய கடைப் புடவை போலிருக்கிறது என்று எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். சடங்கு செய்கிறவர் என் தோளில் போடுவதற்காக மூடியைத் திறந்தார். உள்ளே இளநீலத்தில் ரோஸ் கோடு போட்ட ஓடுகிற ஷூ.

புடவை இன்னொரு பையில் அவன் பெண்டாட்டி கையில் இருந்தது. இரண்டு பையும் ஒரே கடைப் பை. ஷூவை எனக்குப் பிறகு தனியாகக் கொடுக்க வாங்கியிருக்கிறான். பை மாறிவிட்டது. அதைச் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் என் நாத்தனார் மரகதம் முந்திக்கொண்டாள்.

"செருப்பத் தட்டுல வச்சு எங்கண்ணன் வீட்டுக்குக் கோடியா கொண்டாந்தீங்க?"

இவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "தெரிஞ்சுதான் வச்சேன். அக்கா ஓடணும். ஓடுனா மனசுக்கு நல்லது."

பின்வரிசையில் காது கேட்காத ஒரு பங்காளி, "எங்க ஓடணுமாம்?" என்று கேட்டார்.

நான் சிரித்துவிட்டேன். அடக்கத்தான் பார்த்தேன், தோள் குலுங்குவதைப் பார்த்து ஒருத்தி அழுகிறேன் என்று நினைத்து முதுகைத் தடவிக் கொடுத்தாள். பிறகு முகத்தைப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள். புருஷன் செத்த நாளிலிருந்து ஒரு சொட்டு அழவில்லை, கருமாதியில் சிரித்தாள். இனி துறையூர் வரைக்கும் இதுதான் செய்தி. மரகதத்தின் ஊர் துறையூர்.

செப்டம்பர் 3

துக்கம் விசாரிக்க இன்றும் ஆள் வந்தபடி இருந்தது. எல்லோருக்கும் ஒரே கேள்விகள். எத்தனை மணிக்கு ஆச்சு? யார் முதல்ல பார்த்தது? ராத்திரி என்ன சாப்பிட்டார்? ராத்திரி அவர் சாப்பிட்டது ரவை உப்புமா. சொன்னதும் அத்தனை பேரும் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள். உப்புமாவால் யாரும் சாக மாட்டார்கள் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தால் தேவலை.

சுருக்கமாக ஒன்று, விரிவாக ஒன்று என்று இரண்டு பதில் வைத்திருக்கிறேன். சுருக்கம்: "காலைல மாடில இருந்தார், நெஞ்சுவலி, முடிஞ்சுது." விரிவானதில் ஆம்புலன்ஸ் வரும். மூன்றாவதாக ஒன்று உண்டு. அதை யாருக்கும் சொல்லவில்லை, சொல்லப் போவதுமில்லை.

துக்க வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது என்பது வழக்கம். பேசிக்கொண்டே இருப்பவர்கள் சட்டென்று எழுந்து செருப்பைத் தேடிக்கொண்டு போய்விடுகிறார்கள். "போயிட்டு வரேன்" என்று யாரும் சொல்லாததே எனக்குப் பெரிய ஆறுதல்.

செப்டம்பர் 4

தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துச் சுமந்தேன். இடுப்பு விட்டுப்போயிற்று. மோட்டார் ரிப்பேரெல்லாம் இல்லை. போடவில்லை, அவ்வளவுதான்.

செப்டம்பர் 6, சனி

இன்று ஓடினேன். காரணம், ஷூ. கருமாதித் தட்டில் உட்கார்ந்துவிட்டு வந்த ஷூவை எந்தக் கடைக்காரனும் திருப்பி எடுக்க மாட்டான். சர்க்கரையும் எல்லையில் நிற்கிறது. வேறு காரணம் எதுவும் இல்லை.

ஐந்தரை மணிக்குக் கிளம்பினேன். அந்த நேரத்தில் இந்தத் தெருவில் இருக்கவே முடியாது. எல்லா வீட்டிலும் மோட்டார் போடுகிறார்கள், ஒரே இரைச்சல். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தெருவைச் சதுரமாகச் சுற்றி ஓடினேன். ஓடினேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. நாய்கள் எழுந்திருக்கக்கூட இல்லை.

எதிர்வீட்டு நாகப்பன் நிலத் தரகர். ஏதோ அட்வான்ஸ் வாங்கும் நாள் போலிருக்கிறது, நெற்றி நிறைய திருநீறோடு ஸ்கூட்டரை வெளியே எடுத்தார். எதிரே நான் வந்தேன். முகம் சுருங்கி, வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே போய்விட்டார். சகுனத்தடைக்குத் தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்ப வேண்டுமாம். அவர் குடித்துவிட்டு வந்தபோது நான் தெருவைச் சுற்றிவிட்டு மறுபடி எதிரே வந்தேன். மறுபடி உள்ளே போனார். மூன்றாம் சுற்றில் கேட்டுக்குப் பின்னாலேயே நின்று எட்டிப் பார்த்தார். அந்த மனிதர் இன்று வெயிலுக்கு முன்பே நிறைய தண்ணீர் குடித்துவிட்டார், சிறுநீரகத்துக்கு நல்லது.

செப்டம்பர் 7

கால் இரண்டும் என்னுடையது இல்லை.

செப்டம்பர் 12

கனகசபை போனில் விசாரித்து, உய்யக்கொண்டான் வாய்க்கால் கரையில் ஓடும் ஒரு குழுவில் என்னைச் சேர்த்துவிட்டான். தலைவர் பல் டாக்டர் ஜெரால்டு. வயது நாற்பதுக்குள், பற்கள் அவ்வளவும் விளம்பரம்.

"அக்கா, அரை மணி நேரம் விடாம ஓடுங்க. மூளைல சந்தோஷ ஹார்மோன் சுரக்கும். துக்கம், டென்ஷன் எல்லாம் காணாமப் போயிடும்."

"எங்க போகும்?" என்று கேட்டேன். புகார்ப் பிரிவில் இருந்த பழக்கம். காணாமல் போனது எல்லாம் எங்கேயாவது போயிருக்கும்.

அவர் சிரித்துவிட்டு முன்னால் ஓடிவிட்டார். சுடிதாருக்கு மாறியிருக்கிறேன். என் மகள் தாரணி காலேஜில் போட்டது, இடுப்பைக் கொஞ்சம் பிரித்துவிட்டேன். அரை மணி நேரம் ஓட்டமும் நடையுமாக முடித்தேன். ஹார்மோன் வரவில்லை.

செப்டம்பர் 15

ஹார்மோன் வரவில்லை. புகார் பதிவு செய்யப்பட்டது.

செப்டம்பர் 22

ஒரு வசதியைக் கண்டுபிடித்தேன். ஓடும்போது யாராலும் துக்கம் விசாரிக்க முடியாது. மூச்சு இருக்காது. இன்று குழுவில் ஒரு அம்மாள் பக்கத்தில் வந்து, "உங்க வீட்டுக்காரர் எப்படி..." என்று ஆரம்பித்தார். நான் கொஞ்சம் வேகம் கூட்டினேன். "எத்தன மணிக்கு..." என்று வந்தார். இன்னும் கொஞ்சம் கூட்டினேன். பாலத்தடியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். வாழ்க்கையில் நான் ஒருவரைத் தாண்டி ஓடியது இதுதான் முதல் தடவை.

ஓடினால் துக்கம் காணாமல் போகும் என்பது பொய். அதுவும் கூடவே ஓடி வருகிறது. ஆனால் அதற்கும் மூச்சு வாங்குகிறது. வீடு திரும்பிய பிறகு கொஞ்ச நேரம் அது ஒரு மூலையில் பேசாமல் உட்கார்ந்திருக்கும். அந்த நேரத்தில்தான் குளிப்பதும் சாப்பிடுவதும். மற்ற நேரத்தில் சோறு இறங்குவதில்லை என்று இங்கே எழுதவில்லை.

செப்டம்பர் 27

நாகப்பன் கேட் அருகே நிறுத்தி, தரையைப் பார்த்தபடி கேட்டார். "ஏம்மா, நீங்க எத்தன மணிக்கு முடிச்சுட்டு வருவீங்க? அதுக்கு ஏத்தாப்ல நான் கிளம்பிக்கிறேன்." ஆறரை என்றேன். "ஆறரையா, எமகண்டம் எதுவும் இல்ல, சரி" என்று மனசுக்குள் கணக்குப் பார்த்துத் தலையாட்டினார். நானும் ஒரு கிரகமாகிவிட்டேன்.

அக்டோபர் 4

ஜெரால்டு என்னைப் போஸ்டர் ஆக்கிவிட்டார். நான் குனிந்து ஷூக் கயிறு கட்டும்போது எடுத்த படம். பின்னால் சூரியன். மேலே எழுத்து: "கணவர் மறைந்தார். இவர் கலங்கவில்லை. ஓடத் தொடங்கினார்." கீழே அவருடைய பல் மருத்துவமனையின் போன் நம்பர்.

கலங்கவில்லை என்று இவருக்கு யார் சொன்னது?

அக்டோபர் 5

போஸ்டர் எங்கள் குடும்ப வாட்ஸப் குரூப்புக்கு வந்துவிட்டது. அனுப்பியது கனகசபை, பெருமையோடு. கட்டைவிரல்கள் எட்டு வந்தன, எட்டும் என் பிறந்த வீட்டுப் பக்கம். அவர் பக்கம் மயான அமைதி. பிறகு மரகதத்தின் குரல் பதிவு வந்தது. பாதியில் ஒரு பஸ் ஹாரன், ஒரு சேவல். சுருக்கம் இதுதான்:

"அண்ணி கலங்கலையாம். போஸ்டர் அடிச்சு ஒட்டிட்டாங்க. எங்கண்ணன் படத்துக்கு முன்னாடி வெளக்கு ஏத்துறாங்களா இல்லையான்னே தெரியல. வெள்ளன எந்திரிச்சு ஊரச் சுத்துறாங்க. நல்லா இருக்கட்டும்."

விளக்கு ஏற்றுகிறேன். ஓடிவிட்டு வந்து ஏற்றுகிறேன்.

அக்டோபர் 20

தீபாவளி. நமக்கு இல்லை. பலகாரம் செய்யாத வீடு என்று அக்கம்பக்கத்தார் கொண்டுவந்து கொடுப்பது வழக்கம். சமையல் மேடை நிறைந்துவிட்டது. மைசூர்பாகு மட்டும் மூன்று டப்பா, அதில் ஒன்று நாகப்பன் வீட்டு அம்மாள் கொண்டுவந்தது. துக்கம் உள்ளவளுக்குச் சர்க்கரை ஏறாது என்று நினைக்கிறார்களோ என்னவோ. அவருக்கு மைசூர்பாகு என்றால் உயிர். ஒரு டப்பாவைத் திறந்துவிட்டு மூடி வைத்தேன். புகையில் ஓடவும் முடியவில்லை. இன்றைய நாள் நீளமாக இருந்தது.

அக்டோபர் 25, சனி

தாரணி பெங்களூரிலிருந்து எலெக்ட்ரீஷியனை அனுப்பியிருந்தாள். இப்போதெல்லாம் அங்கேயிருந்து போனைத் தட்டினால் இங்கே ஆள் வந்து நிற்கிறான். போன வாரம், "டேங்க்ல தண்ணி வரலையாம்மா?" என்று கேட்டதற்கு மோட்டார் ரிப்பேர் என்று சொல்லிவைத்திருந்தேன். வந்த பையன் பின்கட்டில் சுவிட்சைத் தட்டப் போனான். கையைப் பிடித்துவிட்டேன்.

"போடாதீங்க தம்பி."

"போட்டாத்தானேக்கா என்ன கோளாறுன்னு தெரியும்?"

"பாக்க மட்டும் செய்யுங்க."

அவன் என்னைப் பார்த்தான், மோட்டாரைப் பார்த்தான். "மோட்டார் நல்லாத்தாங்க்கா இருக்கு" என்றான். அந்தச் சொல்லில் யார் நல்லா இல்லை என்பது அவனுக்குத் தெரிந்துவிட்டது போலிருந்தது. அதை அவன் தாரணிக்கும் சொல்லிவிட்டான்.

சாயங்காலம் தாரணி போன். குரல் கரகரத்தது. "ஏம்மா பொய் சொன்ன? மோட்டாரப் போட மாட்டேங்குற, குடத்துல தூக்குற, அழ மாட்டேங்குற, விடியறதுக்குள்ள ஓடுற. எனக்குப் பயமா இருக்கும்மா. நீ இங்க வந்துடு. வீட்ட வாடகைக்கு விட்டுடலாம். ஒரு பேங்க் மேனேஜர் கேக்குறாராம். ஒன்பதாம் தேதி ஞாயித்துக்கிழம எல்லாரையும் வரச் சொல்லியிருக்கேன், உக்காந்து பேசிடலாம்."

"எல்லாரும்னா?"

"மாமா, அத்த, பங்காளி வீட்ல ரெண்டு பேரு."

அவள் அழுதாள். எனக்கு அவளைத் தேற்றத் தெரிந்தது. இந்த வீட்டை விட்டு நான் வரமாட்டேன் என்று சொல்லத்தான் வாய் வரவில்லை. ஏன் வரமாட்டாய் என்று கேட்டால் காரணம் சொல்ல வேண்டும். பெங்களூரில் பதினோராவது மாடி. எனக்கு அங்கே ஒன்றும் குறையில்லை. இந்த வீட்டில்தான் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நவம்பர் 3, திங்கள்

மரகதம் பெட்டியோடு வந்து இறங்கியிருக்கிறாள். ஞாயிறு வரை இருப்பாளாம். "தனியா இருப்பீங்களேன்னு வந்தேன் அண்ணி" என்றாள். கண்காணிக்க வந்திருக்கிறாள் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

வந்தவுடன் அவர் படத்துக்கு முன்னால் போய் நின்றாள். விளக்கைத் தூண்டினாள். படத்தைத் துடைத்தாள். நான் காலையில்தான் துடைத்திருந்தேன். பிறகு சமையலறைக்கு வந்து என் சாம்பாரில் பெருங்காயம் போதாது என்றாள்.

நவம்பர் 4

"இன்னிக்கும் ஓடணுமா?" ஐந்து மணிக்கே வாசலில் மரகதம்.

"ஆமா."

"நாலு பேரு என்ன பேசுவாங்க?"

"ஓடறப்ப காதுல விழறதில்ல மரகதம்."

நவம்பர் 5, புதன்

இன்று மரகதம் என் பின்னாலேயே வாய்க்கால் கரைக்கு வந்துவிட்டாள். ரப்பர் செருப்பு, கைத்தறிப் புடவை, கையில் பிளாஸ்க். திட்டுவதற்கு வீட்டில் நேரம் போதவில்லை. நான் ஓடத் தொடங்கினேன். அவள் வேகமாக நடந்தபடி திட்டினாள். நான் வேகம் கூட்டினேன். திட்டு பாதியில் நிற்கக் கூடாதே என்று அவளும் ஓடத் தொடங்கினாள்.

"எங்கண்ணன்... உங்கள... எப்படி வச்சிருந்தாங்க... கடைசில ஒரு... ஒரு சொட்டுக் கண்ணீர்..."

ஜெரால்டு எங்களைத் தாண்டிப் போகும்போது, "சூப்பர், அக்கா, அப்படித்தான், விட்டுராதீங்க" என்று அவளை உற்சாகப்படுத்திவிட்டுப் போனார்.

செருப்பு வார் அறுந்தது. மரகதம் மதகுச் சுவரில் பொத்தென்று உட்கார்ந்தாள். நானும் நின்றேன். மூச்சு வாங்கட்டும், மிச்சத் திட்டையும் வாங்கிக்கொண்டு போவோம் என்று காத்திருந்தேன். மூச்சு வந்தது, திட்டு வரவில்லை. அழுகை வந்தது. வாயைப் புடவைத் தலைப்பால் அடைத்துக்கொண்டு அப்படி அழுதாள்.

"எங்கிட்ட யாரும் கேக்கல அண்ணி" என்றாள். "ஊர்ல பாக்குறவங்க எல்லாம், அண்ணி எப்படி இருக்காங்க, தாரணி எப்படி இருக்குன்னுதான் கேக்குறாங்க. நான் எப்படி இருக்கேன்னு ஒருத்தர் கேக்கல. எனக்கு அவன் அண்ணன். என் தலைல குட்டுனவன். அப்பா போனப்புறம் எனக்கு எல்லாம் அவன்தான். பதினாறாம் நாள் எல்லாம் முடிஞ்சு வீட்டுக்குப் போறேன், எங்க வீட்டுக்காரர், சரி, இனிமே சோத்தப் போடுங்குறார்."

இரண்டு மாதத்துக்கு மேலாக நூறு பேருக்குப் பதில் சொன்னவள் நான். ஒரு கேள்வியும் கேட்டதில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நீ எப்படி இருக்க மரகதம்?" என்று கேட்டேன்.

அவள் வெயில் ஏறும் வரை சொன்னாள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். பிளாஸ்கில் இருந்த காபியை இரண்டு பேரும் மூடியில் ஊற்றிக் குடித்தோம். திரும்பும்போது அவள் ஒரு காலில் என் ஷூவும் ஒரு காலில் தன் செருப்புமாக நடந்தாள். நான் ஒரு ஷூவோடு. நாகப்பன் பார்த்தார். எந்தச் சகுனம் என்று அவருக்கே விளங்கவில்லை, வழிவிட்டு நின்றார்.

நவம்பர் 6

மரகதம் ஓடவில்லை, கூட வந்து மதகில் உட்கார்ந்தாள். என் சாம்பாரில் பெருங்காயம் இன்னும் போதவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

இதை எழுத உட்கார்ந்தபோது மணி நாலு. எல்லோரும் போய்விட்டார்கள்.

இன்று ஆட்கள் வருகிறார்கள், சமையல் இருக்கிறது என்று ஓட்டத்தைச் சீக்கிரம் முடித்துக்கொண்டு திரும்பினேன். கேட்டைத் திறக்கும்போது எங்கள் வீட்டுக்குள்ளிருந்து மோட்டார் சத்தம் கேட்டது. எல்லா வீட்டு மோட்டாரும் ஒரே மாதிரிதான் இரையும் என்று மற்றவர்கள் நினைக்கலாம். நம் வீட்டு மோட்டார் நமக்குத் தெரியும். தொடக்கத்தில் ஒரு திக்கல் இருக்கும்.

அவர் பழக்கம் இது. ஐந்தரைக்குப் பின்கட்டில் சுவிட்சைப் போட்டுவிட்டு மாடிக்குப் போய், தொட்டியின் மூடியைத் திறந்து பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். தானாக நிற்கும் கருவி ஒன்று தாரணி வாங்கிக் கொடுத்தாள். அதில் அவருக்கு நம்பிக்கை கிடையாது. தொட்டி நிறைந்ததும் மேலேயிருந்து, "போதும்" என்பார். நான் கீழே நிறுத்துவேன். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அப்படித்தான். ஒரு நாளைக்கு வேறு பேச்சே இல்லாவிட்டாலும் அந்த ஒரு சொல் இருக்கும். சண்டை போட்ட நாளிலும் இருக்கும்.

அன்று அந்தச் சொல் வரவில்லை. நான் தோசைக்கல்லைப் போட்டுவிட்டுச் சுவிட்சுப் பக்கத்தில் நின்றிருந்தேன். தண்ணீர்தான் வந்தது. மாடியிலிருந்து, ஜன்னல் சன்ஷேடில் விழுந்து, துளசி மாடத்தை நனைத்துக்கொண்டு வந்தது. நான் மோட்டாரை நிறுத்தாமலே மேலே ஓடினேன். ஆம்புலன்ஸ் வந்து, போய், நாங்கள் அவரைத் திரும்பக் கொண்டுவந்தபோதும் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. வாசலில் நின்றவர்கள் செருப்பு நனையாமல் தள்ளித் தள்ளி நின்றார்கள்.

மூன்றாவது பதில் இதுதான். எழுதிவிட்டேன்.

இன்று கேட்டைத் திறந்தபடியே விட்டேன். பிறகு எப்படியோ பின்கட்டுக்குப் போனேன். சுவிட்சின் சிவப்பு விளக்கு எரிந்தது. மரகதம் கீழே இல்லை. ஆள் வரும் நாளில் வீட்டில் தண்ணீர் இல்லாமல் இருப்பதா என்று அவளே போட்டிருக்கிறாள். சுவரில் கையை ஊன்றிக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

மேலேயிருந்து குரல் வந்தது. "போதும்."

அண்ணனும் தங்கையும் ஒரே குரல். அதே இழுப்பு. அதுவரைக்கும் எனக்கு அது தெரியாது.

"கீழ யாராச்சும் இருக்கீங்களா? அண்ணி? போதும், நிறுத்துங்க."

நிறுத்தினேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை என்றால் சும்மா இல்லை. வயிற்றிலிருந்து வந்தது. மரகதம் கீழே இறங்கி வந்து பார்த்துவிட்டு, என் ஷூவின் கயிறை அவிழ்த்துக் கழற்றி வைத்தாள். பிறகு அவளும் உட்கார்ந்துகொண்டாள். அவர் இல்லை. எனக்கு அவர் வேண்டும். இதையும் பதிவு செய்கிறேன்.

பதினோரு மணிக்கு எல்லோரும் வந்தார்கள். என் வீங்கிய முகத்தைப் பார்த்ததும் பங்காளிகள் இரண்டு பேருக்கும் அப்படி ஒரு நிம்மதி. "அழுதுட்டா. இனிமே சரியாயிடும்" என்று ஒருவர் மற்றவரிடம் சொன்னார். காது கேட்காதவர் "என்ன?" என்றதால் சத்தமாக இன்னொரு தடவை சொன்னார். கனகசபை மட்டும், "நான் சொன்னேன்ல, ஓடுனா மனசு லேசாகும்னு" என்று என் அழுகையை அவன் மெடல்களோடு மாட்டிக்கொண்டான்.

சாப்பாடு முடிந்தது. தாரணி பேங்க் மேனேஜர் பேச்சை எடுத்தாள். வாடகை, பெங்களூர், தனி அறை, பால்கனி. பங்காளிகள் தலையாட்டினார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் மரகதம் வெற்றிலைத் தட்டைக் கீழே வைத்தாள்.

"வீட்டப் பூட்டவும் வேணாம், வாடகைக்கு விடவும் வேணாம்" என்றாள். "பேங்க் மேனேஜர் இருந்தா நான் எங்க வருவேன்? பொறந்த வீடுன்னு எனக்கு இது ஒண்ணுதான் இருக்கு. பஸ்ஸ விட்டு எறங்குனா, வா மரகதம்னு சொல்ல ஒரு ஆள் வேணும். அண்ணி இங்கதான் இருப்பாங்க."

"அத்த, அம்மா தனியா..." என்றாள் தாரணி.

"வாரத்துக்கு ரெண்டு நாள் நான் வரேன். உங்கம்மா தனியா இருக்குறதப் பத்தி நீ பயப்படாத. தனியா இருக்க விட்டாத்தானே?"

தாரணி என்னைப் பார்த்தாள். "நீ என்னம்மா சொல்ற?"

"நான் வரல தாரணி. இங்கதான் இருக்கணும் எனக்கு. அப்பாவோட சத்தம் இங்கதான் இருக்கு" என்றேன். பதில் அவ்வளவு சின்னதாக இருந்தது. அதைச் சொல்லத்தான் இத்தனை நாள் வாய் வரவில்லை. அவள் என் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டாள்.

கிளம்பும்போது பங்காளிகள் வழக்கப்படி சட்டென்று எழுந்து போனார்கள். மரகதம் மட்டும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றாள். வழக்கம் அவளுக்கும் தெரியும். "வியாழக்கிழம வரேன் அண்ணி" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டுப் போனாள்.

நவம்பர் 10

ஓடினேன். கண் எரிச்சல். பசித்தது.

நவம்பர் 24

ஜெரால்டு கேட்டார், "ஹார்மோன் வந்துச்சாக்கா?" விசாரணையில் இருக்கிறது என்றேன்.

டிசம்பர் 18

மார்கழிக் குளிர். வியாழன், வெள்ளி மரகதம் வருகிறாள். இந்த வாரம் மதகு வரைக்கும் ஓடி வந்தாள், ரப்பர் செருப்பிலேயே. இரண்டாவது வாரும் போய்விட்டது. அவள் வரும் நாட்களில் மோட்டார் போடுகிறோம். மற்ற நாட்களில் இருப்பதை வைத்துச் சமாளிக்கிறேன்.

ஜனவரி 5

உரக் கம்பெனியிலிருந்து புது டைரி வந்தது. அட்டையில் அவர் பெயரையே அச்சடித்திருக்கிறார்கள், திருவாளர் ராஜமாணிக்கம் அவர்களுக்கு என்று. கொண்டுவந்தவரிடம் ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டேன்.

ஜனவரி 12, திங்கள்

வருஷா வருஷம் பொங்கலுக்கு முன்னால் அவர் துறையூருக்குச் சீர் கொண்டுபோவார். கரும்பு, மஞ்சள் கொத்து, அரிசி, வெல்லம், மரகதத்துக்கு ஒரு புடவை. இந்த வருஷம் பண்டிகை இல்லை, அதனால் சீரும் இல்லை என்றார்கள். கரும்பும் மஞ்சளும் வேண்டாம், சரி. ஆனால் பிறந்த வீடு இருக்கிறதே.

பித்தளைத் தட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். மரகதம் வீட்டு வாசலில் தட்டை எடுத்து, பெட்டியை அதில் வைத்து, இரண்டு கையாலும் நீட்டினேன். அவள் மூடியைத் திறந்தாள். பச்சையில் வெள்ளைக் கோடு. அளவு சரியாக இருக்கும், அறுந்த செருப்பை வைத்துப் பார்த்து வாங்கினது.

அவள் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "செருப்பப் போயி சீர்த் தட்டுல..." என்று தொடங்கினார்.

"எங்க பொறந்த வீட்டு வழக்கம், நீங்க சும்மா இருங்க" என்றாள் மரகதம். தட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். நமக்கு இல்லை. மரகதமும் இன்று வர முடியாது, அவள் வீட்டில் இருக்க வேண்டிய நாள்.

ஐந்தரைக்கு ஓடக் கிளம்பி, ஷூவைக் கட்டிக்கொண்டு வாசல் வரை போனவள் திரும்பிப் பின்கட்டுக்கு வந்தேன். சுவிட்சைப் போட்டேன். மாடிக்குப் போய் மூடியைத் திறந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். தெருவில் கோலம் போடுகிற சத்தமும் பேச்சும் கேட்டன. தண்ணீர் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருப்பது நன்றாகத்தான் இருக்கிறது. அவர் ஏன் கருவியை நம்பவில்லை என்று இப்போதுதான் புரிகிறது.

நிறைந்தது. "போதும்" என்றேன், கொஞ்சம் சத்தமாகவே. கீழே நிறுத்த ஆள் இல்லை என்பது அப்புறம்தான் நினைவு வந்தது. எழுந்து ஓடினேன். படிக்கட்டு, கூடம், சமையலறை, பின்கட்டு. ஆறு மாதத்துக்கு முன்னால் என்றால் முட்டி பெயர்ந்திருக்கும். சுவிட்சை அணைத்துவிட்டுக் காது கொடுத்துக் கேட்டேன்.

துளசி மாடத்தில் கொஞ்சம் ஈரம். அவ்வளவுதான் வழிந்திருந்தது.